நிற்கும் வண்டியின் காவற்கூலி



மொழி மன்றத்தின் பொழிவு வரிசையில் மின்சாரக் காரைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நின்றால், மேடை மாறி வந்துவிட்டானோ என்று ஐயுறுவது இயல்பே. என்னை இத்தலைப்புக்கு இழுத்து வந்தவன் என் தம்பி மகன். அவன் புரோட்டோன் நிறுவனத்தின் இ.மாஸ் 7 என்னும் மின்சாரக் காரை வாங்கிய சில வாரங்களில் என்னிடம் வந்து, "பெரியப்பா, சும்மா நிக்கிற காரு கரண்ட வித்துக் காசு சம்பாதிக்குமாமே? ஒரு யூனிட்டு என்ன வெலைக்கு எடுப்பாங்க?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தபின், அவன் கேள்வியிலிருந்த மூன்று சொற்களும் அவனை வழி தவறச் செய்தன என்று கண்டேன். விற்றல், யூனிட், விலை என்பவையே அம்மூன்று சொற்கள். வெளிநாடுகளில் நிற்கும் கார் பணம் ஈட்டியது உண்மை. ஆனால் அப்பணத்தின் பெரும்பகுதி மின்சாரத்தை யூனிட் கணக்கில் விற்றதற்கு வந்த விலையன்று. அது வேறொரு வகைக் கூலி. அக்கூலிக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

தேடலின் தொடக்கத்திலேயே எனக்கொரு வியப்புக் காத்திருந்தது. நிறுத்தி வைத்த மின்சாரக் கார்களை மின்கட்டமைப்புக்குத் துணையாக்கலாம் என்னும் கருத்தை 1997இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர் இருவர். ஸ்டீவன் லெடெண்ட்ரே ஒருவர்; அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெட் கெம்ப்டன் மற்றவர். கெம்ப்டன் என்ற பெயரை என் தலைமுறை மொழியியல் மாணவர் அனைவரும் வேறோர் இடத்தில் படித்திருப்பர். மொழி சிந்தனையை வடிவமைக்கிறதா என்னும் சபீர்–வோர்ஃப் கருதுகோளைப் பற்றி 1984இல் பால் கே என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையின் ஆசிரியர் அவரே. நீலத்துக்கும் பச்சைக்கும் தனித்தனிச் சொல் உடைய ஆங்கிலம் பேசுவோரையும், இரண்டுக்கும் ஒரே சொல் உடைய மெக்சிகோவின் தாராஉமாரா மொழியினரையும் ஒப்பிட்ட ஆய்வு அது. இரு சொற்களின் எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் கிடந்த நிறங்களை ஆங்கிலம் பேசுவோர் உள்ளதைவிட விலகியனவாகக் கண்டனர். நிறத்துக்குப் பெயரிட்டு எண்ணும் வாய்ப்பை ஆய்வு முறையே தடுத்தபோது அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. என் வகுப்புகளில் ஆண்டுதோறும் அதனைக் கற்பித்திருக்கிறேன். அவரே பின்னாளில் மின்சாரத்தின் பக்கம் சென்றவர் என்பதை அறுபது கடந்த பின்னரே அறிந்தேன். மானிடவியலில் பயின்று, மெக்சிகோவின் மக்கள் பானை சட்டிகளை எவ்வாறு வகைப்படுத்திப் பெயரிடுகின்றனர் என ஆய்ந்து நூல் எழுதியவர் அவர்.

இரு துறைகளுக்கும் நடுவில் அவர் இட்ட பாலம் ஒன்றுண்டு. வீட்டு வெப்பச் சீராக்கியைப் பொதுமக்கள் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பதைப் பற்றி 1986இல் அவர் எழுதினார். பலர் அதனைத் தண்ணீர்க் குழாயின் திருகைப் போல எண்ணுகின்றனர். கூடத் திருகினால் கூடுதலாக வரும் என்பது அவர்தம் நம்பிக்கை. நம்மூரில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டா. வெயிலில் வந்தவுடன் குளிர்சாதனத்தைப் 16 பாகைக்கு இறக்கினால் விரைவாகக் குளிரும் என்று எத்தனை பேர் நம்புகிறோம்! என் தம்பி மகனின் கேள்வியும் இதே வகைத்தே. அவன் மனத்தில் கார் என்பது ஒரு தொட்டி, கம்பி என்பது ஒரு குழாய். திறந்துவிட்டால் மின்சாரம் போகும், காசு வரும். அவனைக் குறை சொல்வதற்கில்லை. இந்நாட்டில் 2016 முதல் கூரைச் சூரியத் தகடுகளுக்கு நிகர அளவீட்டுத் திட்டம் நடந்தது. 2019 முதல் கட்டமைப்புக்கு அனுப்பிய ஒரு யூனிட்டுக்கு ஈடாக ஒரு யூனிட் கழிக்கப்பட்டது. அங்கே குழாய்க் கணக்கு பொருந்தியது.

இங்கே ஏன் பொருந்தவில்லை என்பதற்கு ஒரு பழங்கதையைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில். மாலை ஆறு மணிக்குத் தோட்டத்து டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கும். பத்து மணிக்கு நிற்கும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குத்தான். இதில் ஒரு முரண் உண்டு. பேராக்கில் மின்சாரம் பிந்தி வந்த பொருளன்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காகவே மாலிம் நாவாரில் 1928இல் நீராவி மின்நிலையமும், பேராக் ஆற்றின் குறுக்கே சென்டரோவில் 1930இல் அணையும் எழுந்தன. ஈயம் வாரும் கப்பல்கள் இரவெல்லாம் மின்சாரத்தில் இயங்கிய மாநிலத்தில், பல தோட்ட லயங்கள் பத்து மணிக்கு இருளில் மூழ்கின. உயரழுத்தக் கம்பி எங்கள் மரங்களுக்கு மேலே சென்றது. எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

ஆயினும் அந்த எஞ்சின் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. மாதத்தில் ஓரிரு நாள் திடலில் படம் காட்டுவார்கள். படக்கருவியை முடுக்கியவுடன் லயத்து விளக்குகள் மங்கும். அதே நொடியில் தொலைவில் எஞ்சினின் ஓசை கனத்துத் தாழும். எஞ்சின்காரர் எண்ணெயைக் கூட்டிவிடுவார். ஓசை மீண்டும் பழைய சுருதிக்கு ஏறும். மேட்டில் ஏறும் லாரியின் ஓசை தாழ்வதைப் போன்றதே இதுவும். சுமை கூடினால் சுழற்சி தளரும். சுமை குறைந்தால் விரையும். மின்பொறியாளர் அதிர்வெண் என்பது இதனையே. பாடநூலில் படிப்பதற்குப் பல ஆண்டு முன்பே அதிர்வெண்ணைக் காதால் அறிந்தவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள்.

தீபகற்பம் முழுமைக்குமான கட்டமைப்பும் அவ்வாறான ஓர் எஞ்சினே, அளவில் மிகப் பெரியது என்பதைத் தவிர. அதன் சுருதி நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 50 ஹெர்ட்ஸ். நாட்டில் அந்நொடி எரிக்கப்படும் மின்சாரமும் அந்நொடி ஆக்கப்படும் மின்சாரமும் சமமாக இருக்கும் வரை அச்சுருதி பிசகாது. பெரிய நிலையம் ஒன்று திடீரெனக் கழன்றுகொண்டால் சுருதி இறங்கும். அளவுக்கு மீறி இறங்கினால் பிற நிலையங்களும் தற்காப்புக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கழலும். 1992 செப்டம்பர் 29இலும் 1996 ஆகஸ்ட் 3இலும் தீபகற்பம் இருண்டதை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கோளாறு தொடர்ச் சரிவாக வளர்ந்தால் என்ன நேரும் என்பதை அந்நாள்கள் காட்டின.

அச்சுருதியைக் காப்பதற்கென்றே சில நிலையங்கள் விழித்திருக்க வேண்டும். மஞ்சோங்கின் நிலக்கரி நிலையம் கனத்த யானை. ஒரே நடையில் நடக்கும், சட்டெனத் திரும்பாது. தெமெங்கோர் அணையின் நீர்ச்சுழலிகள் விரைவாக எழும். மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் ஆற்றல் வந்துவிடும். மின்கலமோ நீரைவிட விரைவானது. நொடிக்குள் மின்சாரத்தை உள்ளிழுக்கும், வெளிவிடும், ஏற்றத்தை நிறுத்திவைக்கும். மின்சாரக் கார் என்பது சக்கரம் பூட்டிய மின்கலம். என் தம்பி மகனின் வண்டியில் இருப்பது ஏறத்தாழ 60 கிலோவாட் மணி கொள்ளும் கலம். நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் அது வீட்டு முன்றிலிலோ அலுவலக நிறுத்துமிடத்திலோ சும்மா நிற்கிறது. இருவழி மின்னேற்றி ஒன்றைப் பொருத்தி, கட்டமைப்பின் சுருதி இறங்கும்போது சிறிது கொடுக்கவும் ஏறும்போது சிறிது வாங்கவும் செய்தால் அதுவும் சுருதி காக்கும் நிலையமாகிவிடும்.

இதற்குத்தான் கூலி. டெலவேரில் கெம்ப்டன் குழுவினர் என்.ஆர்.ஜி. என்னும் மின் நிறுவனத்துடன் சேர்ந்து, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் மினி வகை மின்கார்களைக் கட்டமைப்போடு இணைத்தனர். அவை 2013இல் பி.ஜே.எம். என்னும் வட்டாரக் கட்டமைப்பின் சந்தையில் முறைப்படி இடம்பெற்றன. ஒரு வண்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 டாலர் ஈட்டியதாக அப்போது செய்தி வந்தது. டென்மார்க்கில் கோப்பன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடெரிக்ஸ்பெர்க் நகராட்சியின் பயனீட்டு நிறுவனம் 2016 முதல் தன் பத்து நிசான் வேன்களை இவ்வாறு இணைத்தது. பகலில் அவை பணிக்குச் செல்லும். மாலை முதல் மறுநாட் காலை வரை செருகப்பட்டு நிற்கும். ஒரு வேனுக்கு ஆண்டொன்றுக்கு 1,530 டாலர் அளவில் வருவாய் என்று 2017இல் எழுதப்பட்டது.

இவ்வருவாய் எதற்கு என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இத்தனை கிலோவாட் ஆற்றலுடன் இத்தனை மணி நேரம் தயாராக நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டதற்கே அப்பணத்தின் பெரும்பகுதி. கட்டமைப்பு அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் அது உண்டு. சுருதி சற்றே ஏறும், சற்றே இறங்கும். வண்டி வாங்கியதும் கொடுத்ததும் இரவு முடிவில் ஏறக்குறையச் சமமாகிவிடும். விற்ற யூனிட்டைத் தேடினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பழைய ஈப்போவின் கடைத்தெருக்களை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். இரவில் வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் அஞ்சடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு ஜாகாக்காரர் படுத்திருப்பார். பல இரவுகள் அவர் உறங்கிக்கூட இருப்பார். அவருக்குச் சம்பளம் பிடித்த திருடர்களின் எண்ணிக்கைக்கு அன்று. அவர் அங்கிருந்தார் என்பதற்கு. நிற்கும் கார் கட்டமைப்பின் ஜாகா. மலாய்ச் சொல்லை நாம் எடுத்துக்கொண்டு நூறாண்டு ஆகியிருக்கும். ஆயின் இக்கருத்து நமக்குப் புதிதன்று. இடைக்காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி வருகிறது. ஊர்க்காவலுக்காக ஊரார் கொடுத்தது அது. களவு நடந்த ஆண்டு, நடவாத ஆண்டு என்று பாராது கொடுக்கப்பட்டது.

விற்பனை என்று எண்ணினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தம்பி மகனுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கைச் சொல்கிறேன். 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண முறையில், வீடுகள் விரும்பினால் நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மற்றவை அல்லாத நேரம். மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் உச்ச நேரத்தில் 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். இரண்டுக்கும் மேலே கொள்திறன், கம்பிவலைக் கட்டணமாக 17.40 சென் சேரும். பிற சலுகைகளை விட்டுவிடுவோம். ஏற்றி இறக்குகையில் ஆறில் ஒரு பங்கு வெப்பமாகக் கழியும் எனக் கொண்டால், இரவில் 12 யூனிட் ஏற்றி மாலையில் 10 யூனிட்டை வீட்டுக்கே திருப்பலாம். ஏற்றிய செலவு 5 ரிங்கிட் 2 சென். மிச்சமான செலவு 4 ரிங்கிட் 59 சென். நாளொன்றுக்கு 43 சென் நட்டம்! கலம் தேய்வது தனி. தம்பி மகன் நெடுநேரம் பேசவில்லை. "அப்ப எல்லாம் பொய்யா, பெரியப்பா?" என்றான். பொய்யில்லை, அவன் ஜாகாக்காரரைச் சரக்கு விற்பவராகக் கணக்கிட்டான்.

இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னேன். அவன் வண்டியிலிருந்து கம்பி இழுத்து மின்விசிறியையும் சோற்றுக் குக்கரையும் ஓட்டலாம். அது பொருள்களுக்கு ஊட்டுவது, கட்டமைப்போடு பேசுவதன்று. விற்பனையாளர் சிலர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கின்றனர். கட்டமைப்போடு பேச, இருவழி மின்னேற்றி, அதற்கிசைந்த வண்டி, காவலுக்குக் கூலி தரும் சந்தை ஆகிய மூன்றும் வேண்டும். மலேசிய வீட்டுக்காரர் தம் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அத்தகைய சந்தை இன்று இல்லை. ஆனால் வண்டிகள் வந்துவிட்டன. புரோட்டோன் தன் மின்கார்களை நம் மாநிலத்தின் தஞ்சோங் மாலிமிலேயே பூட்டத் தொடங்கிவிட்டது. சந்தை பின்னால் வரும். ஒப்பந்தத் தாள் அதற்கும் பின்னால் வரும். தாள் வருமுன் சொல் அமைய வேண்டும் என்பதே என் கவலை.

ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்து 'வாகனத்திலிருந்து கட்டமைப்புக்கு' என்று எழுதத் தொடங்கிவிட்டனர். பிழையான மொழிபெயர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆயின் அதிலுள்ள 'இலிருந்து' என்னும் உருபே குழாயை நினைவூட்டுகிறது. ஏற்றத்தைச் சிறிது தாழ்த்திப் பிடிப்பதும் சுருதி காப்பதே. அப்போது வண்டியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. 'மின் திருப்பு' என்ற சொல்லை முதலில் எண்ணினேன். கைவிட்டேன், அதுவும் குழாயே. 'அதிர்வெண் ஒழுங்காற்று சேவை' என்பது பொறியாளர்க்குப் போதும். வீட்டில் யாரும் சொல்ல மாட்டார். என் பரிந்துரை, செயலுக்கு 'மின்காவல்', அதற்கு வரும் பணத்துக்குக் 'காவற்கூலி'. யூனிட் கணக்கில் விற்பது எங்கேனும் உண்மையாகவே நடந்தால் அதற்கு மட்டும் 'மின்விற்பு' என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இரண்டு சொல் இருந்தால், தாளில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கவாவது தோன்றும். கேயும் கெம்ப்டனும் கண்டதும் ஏறத்தாழ இதுவே. பெயர் இரண்டாகும் இடத்தில்தான் கண் வேறுபாட்டை நாடுகிறது.

இனி, நான் மிகுதியும் அஞ்சும் பகுதிக்கு வருகிறேன். ஒரு கார் தனியாகச் சென்று கட்டமைப்பிடம் கூலி பேச முடியாது. அதன் வலிமை சில கிலோவாட்; சந்தை பேசுவதோ மெகாவாட்டில். எனவே நூறு வண்டிகளைச் சேர்த்து ஒரே நிலையம் போலக் காட்டும் இடையாள் ஒருவர் வேண்டும். டென்மார்க்கில் அப்பணியைச் செய்தது டெலவேர் ஆய்வின் வழித்தோன்றிய நுவ்வே என்னும் நிறுவனம். கூலி முதலில் இடையாளிடம் வரும்; அவர் தம் பங்கைக் கழித்து வண்டிக்காரர்க்குக் கொடுப்பார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதனைக் கேட்டவுடன் எவர் நினைவு வரும் என்று சொல்லத் தேவையில்லை. கண்காணி என்னும் நல்ல தமிழ்ச்சொல் கங்காணியாகி ஆங்கில அகராதி வரை சென்றது இந்த வழியில்தான். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவர். தாம் திரட்டிய ஆள்களுள் அன்றன்று வேலைக்கு வந்தவர் தலைக்கு இத்தனை காசு என்று தோட்டத்திடம் தலைப்பணம் பெற்றவர். ஆள் வேலைக்கு வந்தால் அவருக்குக் காசு. இந்தியாவிலிருந்து உடலுழைப்புத் தொழிலாளர் வருகை 1938இல் தடைப்பட்டபின் அம்முறை ஓய்ந்தது, நினைவு ஓயவில்லை. எல்லாக் கங்காணிகளும் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. என் பாட்டனார் தம் கங்காணியைக் கடைசி வரை மரியாதையோடுதான் குறிப்பிட்டார். ஆனால் தலைக்கு எத்தனை காசு தம் பொருட்டு வாங்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தாள் அவர் கையில் இருந்ததில்லை.

கூலி எதற்கு என்பதும் அங்கே தெளிவாக இருந்ததில்லை. என் தாயார் விடியுமுன் பெரட்டுக் களத்தில் போய் நிற்பார். வாளியும் கத்தியும் கையில் இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் கூலி இல்லை. தயாராக வந்து நின்றதற்கு ஒன்றுமில்லை. தோட்டத் தொழிலாளர் மாதச் சம்பளம் கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடியதன் உட்பொருள், பெரட்டுக்கு வந்தவரின் காத்திருப்பும் உழைப்பே என்பதுதான். அவருடைய பேரன் வீட்டு முன்றிலில் நிற்கும் இயந்திரத்துக்கு, அழைக்கப்படாத இரவுக்கும் கூலி உண்டு என்று நான் படித்தபோது, அம்மாவின் ஈரச் சேலைதான் கண்முன் வந்தது. இதனை இயந்திரத்தின் மேல் உள்ள வெறுப்பாகக் கொள்ளாதீர்கள்.

ஆகவே ஒப்பந்தம் வரும் நாளில் நம்மவர் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். கூலி நின்ற மணிக்கா, கொடுத்த யூனிட்டுக்கா என்பது முதலாவது. இடையாளின் பங்கு மொத்தத்தில் எத்தனை விழுக்காடு, கட்டமைப்பு கொடுத்த மொத்தத்தை வண்டிக்காரர் பார்க்க முடியுமா என்பது அடுத்தது. காலையில் வேலைக்குச் செல்லக் கலத்தில் எவ்வளவு மிச்சம் வைக்கப்படும், கலம் தேய்ந்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் நிற்குமா, இடையில் செருகியைப் பிடுங்கினால் தண்டம் உண்டா என்பனவும் உண்டு. சுருதி காக்கும் சிறு அசைவுகள் கலத்தை முழுதாக வடித்து நிரப்பும் வேலையைவிடக் குறைவாகவே தேய்க்கும்; இருப்பினும் தாளில் அது இருக்க வேண்டும். காவலுக்கு ஒரு தெருவுக்கு நூறு ஜாகா வேண்டியதில்லை என்பதையும் மறக்கலாகாது. வண்டிகள் பெருகினால் கூலி இறங்கும். முதல் ஆண்டின் தொகையைக் காட்டிப் பத்தாண்டுக்கு ஆசை காட்டுவோர் வருவர்.

முன்றில் இல்லாதவர் என்ன செய்வர்? தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம்மவர் பலர் சென்று சேர்ந்தது மலிவு விலை அடுக்குமாடிகளில். அங்கே வண்டி நிறுத்தவே இடமில்லை; மின்னேற்றி எங்கே பொருத்துவது? இக்கூலி முதலில் தாமானில் சொந்த முன்றில் உடையவர்க்கே வரும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பொதுப் பகிர்வுக் கார்களையே இருவழி மின்னேற்றியில் நிறுத்தும் முயற்சி நடக்கிறது. ஆளுக்கொரு முன்றில் இல்லாத இடத்துக்கு அவ்வழி ஆராயத்தக்கது. அது நகராட்சியினர் பேச வேண்டியது. நான் இத்துடன் விடுகிறேன்.

மன்றத்தின் கலைச்சொற் குழுவிடம் ஒரு சிறு பட்டியல் கொடுத்திருக்கிறேன். மின்காவல், காவற்கூலி, மின்விற்பு, இருவழி மின்னேற்றி ஆகியவற்றில் எனக்கு ஓரளவு நிறைவுண்டு. வண்டிகளைச் சேர்க்கும் இடையாளுக்குத் 'திரட்டாளர்' என்று எழுதியிருக்கிறேன், அதில் நிறைவில்லை. அவர் திரட்டுவதை மட்டும் அது சொல்கிறது, பங்கு எடுப்பதைச் சொல்லவில்லை. பால் வாங்கிக் கைமாற்றிய சிறு வணிகர்க்கோ, குத்தகைக்கு ஆள் பிடித்தவர்க்கோ உங்கள் தோட்டத்தில் வேறு சொல் வழங்கியிருந்தால், தேநீர் நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள். குறிப்பேடு கொண்டு வந்திருக்கிறேன்.